பின்தெருவுக்குத்தான் ரோடு

வார்டு கூட்டத்தில் கவுன்சிலர் எழுந்தாள்.

"இந்த வருஷ நிதியில ஒரு தெருவுக்குத்தான் ரோடு போட முடியும். பின்தெருவுக்குப் போடலாம்னு இருக்கேன். அங்க ஆம்புலன்ஸே நுழைய முடியல. போன மழையில, பிரசவ வலியில துடிச்ச பொண்ணை நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க."

முன்தெருக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பதற்குள், முதல் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி விருட்டென்று எழுந்தாள்.

"எங்க முன்தெரு குண்டும் குழியுமா கிடக்கே, அது உங்க கண்ணுல படலையா? ஓட்டுக்கு மட்டும் நாங்க வேணுமா?"

"உட்காருங்கம்மா. உங்க தெருவுக்கு அடுத்த வருஷம் கேட்டு வாங்கறேன்."

"அதெல்லாம் முடியாது. எங்களுக்குத்தான் முதல்ல!"

கவுன்சிலரின் முகம் சிவந்தது. ஆனால் அவள் அசையவில்லை.

"பின்தெருவுக்குத்தான். இதுல மாற்றமே இல்ல."

அந்தப் பெண்மணி கோபமாக வெளியேறினாள். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

வீடு திரும்பிய கவுன்சிலர், கைப்பையைக்கூட வைக்காமல் நேரே சமையலறைக்குப் போனாள். அங்கே அதே பெண்மணி டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை, அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்களே!" கவுன்சிலரின் குரல் உடைந்தது.

மாமியார் சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டினாள்.

"நம்ம தெருவே உன்கிட்ட சண்டை போடத் தயாரா வந்திருந்துச்சுடி. அதான் நான் முந்திக்கிட்டேன். மாமியாருக்கே மசியாதவ நமக்கா மசியப்போறான்னு எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க!"