ரோட்டு முடியிற ஊர்

"அம்மா ஒஸ்ரியாவுக்குப் போறா. பனியில சறுக்க."

சுபாங்கன் குசினி வாசலில் நின்று சொன்னான். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த துவாரகா திரும்பிப் பார்த்தாள்.

"மாமியோ? பனிக்காலத்தில பஸ்ஸுக்கு நடக்கவே பயப்பிடுறவ."

"லப்டொப்பில என்ர கண்ணால கண்டனான். ரெண்டு ஊர் எடுத்து வைச்சிருக்கிறா. ஒண்டு செல் அம் சே, மற்றது ஒபர்கூர்கல். டிசம்பர் முதற்கிழமை."

கணவனும் மனைவியும் நேருக்கு நேர் கதைத்துக் கனநாள். துவாரகாவுக்குத் தூரத்து ஓல்போர்க் நகரத்து ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்திருந்தது. இப்போது இருக்கிற அல்பர்ட்ஸ்லுண்டை விட்டு வரமாட்டேன் என்றான் சுபாங்கன். "அப்ப நான் தனியப் போறன்" என்றாள் அவள். அதோடு சரி. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டார்கள்.

ஆனால் இப்போது விஷயம் வேறு. இவர்களோடு இருக்கும் அம்மா விமலாதேவிக்கு வயது அறுபதை நெருங்குகிறது. கணவர் இறந்த பிறகு, முதியோர் இல்லத்து வேலையும் கோயிலும் தவிர வேறெங்கும் போகாதவர்.

அடுத்தநாள் துவாரகாவே வந்து குசினி மேசையில் அவனுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"மாமி ஆரோ ஜோனாஸோட போனில கதைக்கிறா. டெனிஷில. ஒரே சிரிப்பு."

"ஜோனாஸோ? என்னவாம்?"

"ஏரியும் கடைத்தெருவும் இருக்கிற ஊர் வேண்டாமாம். மற்றது மலைக்கு மேல சின்ன ஊராம். ரோட்டு அங்கயே முடியுதாம். பின்னேரத்தில எங்கயும் போக ஏலாதாம். 'அப்ப அதுதான் வேணும்' எண்டு சொல்லுறா."

"அது உயரமான இடம். டிசம்பர் தொடக்கத்திலயே பனி இருக்கும். அதுக்காகக் கேட்டிருப்பா."

"பனியைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. டொபல்ட்செங் இருக்கோ எண்டுதான் கேட்டவ."

டொபல்ட்செங் என்றால் இரண்டு பேர் படுக்கிற கட்டில். சுபாங்கனின் முகம் சுண்டிப்போனது.

அன்று பின்னேரம் இரண்டு பேரும் ஒரு போனுக்குள் தலையை விட்டு ஜோனாஸைத் தேடினார்கள். முதியோர் இல்லத்துப் படமொன்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு தாடிக்காரன். அவனுடைய இணையப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், பனிமலையில் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"நாய்க்கும் கண்ணாடி போட்டு விட்டிருக்கிறான்!"

துவாரகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறைக்கப் பார்த்த சுபாங்கனும் சிரித்தான். பிறகு, "இது சிரிக்கிற விஷயமில்லை" என்றான்.

சனிக்கிழமை அம்மா விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். இவர்கள் பின்னால் காரில் போய், கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபாங்கன் பக்கத்துக் கடையில் இரண்டு கோப்பி வாங்கிவந்து ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"கையுறை வாங்குறா" என்றாள் துவாரகா. "சிவப்பு ஒரு சோடி, சின்னன். கறுப்பு ஒரு சோடி... பெரிசு. ஆம்பிளையளின்ர."

"சனம் என்ன சொல்லும்?"

"சனத்தை விடுங்கோ. தனிய இருந்து அவவுக்கு அலுக்காதோ? ஒரு துணை வேணும் எண்டு நினைச்சா அதில என்ன பிழை?"

"உனக்கென்ன, நீ ஓல்போர்க்குக்குப் போயிடுவாய். நான்தான் இஞ்ச எல்லாருக்கும் முகம் குடுக்க வேணும்."

இந்தக் கதை வந்தால் வழக்கமாக ஒரு கதவு அடித்துச் சாத்தப்படும். இன்றைக்குக் காருக்குள் இருந்தார்கள். துவாரகா கோப்பியைப் பார்த்தபடி, "அதையும் கதைப்பம். முதல்ல மாமியின்ர அலுவலைப் பாப்பம்" என்றாள்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிய, சுபாங்கன் கேட்டுவிட்டான்.

"அம்மா, ஆர் அந்த ஜோனாஸ்?"

"என்னோட வேலை செய்யிற பொடியன். ஒவ்வொரு வருஷமும் மனுசி பிள்ளையளோட ஒஸ்ரியாவுக்குப் போறவன். எந்த ஊர் நல்லம் எண்டு அவனைத்தான் கேட்டனான்."

"நீங்கள் ஆரோட போறியள்?"

"நானோ? இந்த முழங்காலை வைச்சுக்கொண்டோ?" விமலாதேவி எழும்பிப் போய் இரண்டு சோடி கையுறைகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நீங்கள் ரெண்டு பேரும்தான் போறியள். ஒபர்கூர்கல்லில அறை போட்டாச்சு. அந்தக் கிழமை ரெண்டு பேருக்கும் லீவுதானே. ஒராள் ஓல்போர்க்கில தனி வீடு பாக்கிறதும், மற்றாள் இஞ்ச சோபாவில கிடக்கிறதும் போதும். அதைவிட அங்க போய் ஆளோட ஆள் மனம் விட்டுக் கதையுங்கோ. ஓடி ஒளிக்கிறதுக்கு அங்க கடைத்தெருவும் இல்லை."

 துவாரகாவின் கண் கலங்கியது.

"மாமி, நாங்கள் உங்களைப் பற்றிப் பிழையா..."

"தெரியும். முதல் நாளே கேட்டுது. இந்த வீட்டுச் சுவருக்குத் தடிப்புக் காணாது."

"கேட்டதோ?" சுபாங்கன் நிமிர்ந்தான். "அப்ப அண்டைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே அம்மா. ஏன் பேசாம இருந்தனீங்கள்?"

"அடுத்தநாள் சொல்லத்தான் வந்தனான். குசினி வாசலில நிண்டு பாத்தன், ஒரு மேசையில இருந்து ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருந்தியள். என்ர பேர் கெட்டாலும் பரவாயில்லை, உங்கட கதை நிண்டுபோகக் கூடாது எண்டு திரும்பிப் போயிட்டன்."