பழைய மிஷினே போதும்

"எடுங்க சிஸ்டர் அதை. எங்கம்மாவுக்கு இந்த மிஷின் வேண்டாம்."

நர்ஸுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இந்தக் கண்ணாடிக்காரரோடு இதே ரோதனை. தலையணை சரியில்லை, ஜன்னல் சரியில்லை. இப்போது மருந்து ஏற்றும் மிஷின்.

"சார், இது நேத்துதான் வந்திருக்கு. கவரே இப்பதான் பிரிச்சேன். அவனவன் புதுசு கேட்டு சண்டை போடறான், நீங்க என்னடான்னா..."

"பழசு இல்லையா?"

"இருக்கறது ஒண்ணுதான். அது பக்கத்து பெட் பெரியவருக்கு ஓடுது."

கண்ணாடிக்காரர் அம்மாவைப் பார்த்தார். மயக்கத்தில் கிடந்தாள். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கினால்தான் இதயம் ஒழுங்காகத் துடிக்கும், நடுவில் நின்றால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மிஷினைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?"

"இதைச் செஞ்ச கம்பெனியிலதான் வேலை பார்க்கறேன். டிரைவர் எழுதறேன்."

"டிரைவர் வண்டி ஓட்டுவார். எழுதுவாங்களா?"

"அது மிஷினுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்மா. மோட்டார், திரை, மணி, ஒவ்வொண்ணுக்கும் உள்ளே ஒரு அட்ரஸ் உண்டு. எந்த உத்தரவு எந்த அட்ரஸுக்குப் போகணும்னு டிரைவர்தான் பார்த்து அனுப்பும்."

"தபால்காரர்னு சொல்லுங்க."

"அப்படியே வெச்சுக்கோங்க."

"உங்க கம்பெனி மிஷினையே வேண்டாங்கறீங்க? ஏதாவது கோளாறா?"

"சேச்சே! முதல் தரமான சரக்கு." குரல் கொஞ்சம் இறங்கியது. "அம்மாவுக்குப் புதுசுன்னாலே பயம். அதான்."

அம்மா இருந்த நிலையில் மிஷினும் தெரியாது, மகனும் தெரியாது. படித்தவர்களுக்குத்தான் கிறுக்கு ஜாஸ்தி என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து பெட் பெரியவரின் மகள் எழுந்து வந்தாள்.

"சிஸ்டர், எங்களோடதை அவங்களுக்குக் கொடுங்க. அப்பாவுக்கு அந்தப் புதுசை மாட்டிடுங்க. பெத்தவளுக்காக இவர் தவிக்கறதைப் பார்க்கவே பாவமா இருக்கு."

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் மாற்றினாள். புது மிஷினைத் தட்டிக் காட்டி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"குழாய் கிழாய் அடைச்சுக்கிட்டா இதுவே மணி அடிச்சு என்னைக் கூப்பிடும். ஓடி வந்துடுவேன். நீ கொஞ்சம் கண்ணை மூடும்மா, ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தே."

கண்ணாடிக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நீ நல்லா இருக்கணும்மா."

கண் கலங்கியேவிட்டது. நிஜமான கண்ணீர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

வராந்தாவுக்கு வந்ததும் செல்போன் அடித்தது. ஆபீஸில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்.

"சார், புது மிஷினோட மணி விஷயம். போன வாரமே சொன்னேனே. உள்ளே இருக்கற போர்டை மாத்தினப்போ மணியோட அட்ரஸும் மாறிடுச்சு. நம்ம டிரைவர் இன்னும் பழைய அட்ரஸுக்கே அனுப்பிட்டிருக்கு. அங்கே ஒண்ணுமே இல்ல சார். 'மணி அடிக்கிறது'ன்னு திரையில வரும், சத்தம் வராது. மருந்து நின்னுபோனாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிங்களுக்குச் சொல்லிடலாமா?"

"சொன்னா மிஷின் பூரா திரும்பி வரும். எழுதினது யாருன்னு கேட்பாங்க. என் தலைதான் உருளும். அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும்? எனக்குப் பயமா இருக்கு சார்."

அவர் கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பாவின் கையைப் பிடித்தபடி அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அட பைத்தியமே! எங்கம்மாவுக்கே அந்த மிஷின்தான் மாட்டியிருக்கு. நான் என்ன பயந்துக்கிட்டா இருக்கேன்?"