பெருவில் சோறு பொங்கினவன்

தண்ணி லாரி வரிசையில் நின்று குடத்தை எண்ணும்போது சிலுவைமுத்து வாய் தவறி "உனோ, தோஸ், த்ரேஸ்" என்று சொல்லித் தொலைத்தான். அன்றோடு ராயபுரத்தில் அந்தத் தெருவுக்கே தூக்கம் போய்விட்டது.

"கப்பல்ல சமையக்காரனா போனவனுக்கு ஸ்பானிஷ் பாஷ எப்டி வந்துச்சு? எவளாவது பக்கத்துல குந்திகினு சொல்லிக் குடுத்தாத்தான வரும்" என்றாள் லூர்து அக்கா.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பூசைக்குள், கப்பல் நின்றுபோன பெரு நாட்டில் அவனுக்கு ஒரு பெண்டாட்டி முளைத்து, மூன்று பிள்ளையும் பிறந்துவிட்டது. சாட்சியெல்லாம் யார் கேட்கிறார்கள்?

பங்குக் கோயில் விடுதியில் சமையல் வேலை காலியாக இருந்தது. சிலுவைமுத்து மனு எழுதி வைத்திருந்தான். அந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். ஆனால் சாமியார் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பங்குப் பேரவைச் செயலாளர் அருள்பிரகாசம் முதலில் தலையாட்ட வேண்டும். அவர் துறைமுகத்தில் ஹெட் கிளார்க். அவ்வளவு சுலபத்தில் தலையை ஆட்டுகிற ஆளில்லை.

அன்றைக்கு லூர்து அக்கா வீட்டில் அன்பியக் கூட்டம். பதினைந்து வீட்டு ஜனம் ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு, சுண்டல் வரும்வரை அடுத்தவன் பாவத்தைப் பேசுவது வழக்கம். சிலுவைமுத்து மனுவை நீட்டினான். பக்கத்தில் அவன் மனைவி டெபோரா.

அருள்பிரகாசம் படிக்காமலே மனுவை மடித்தார்.

"இன்னாபா, எட்டு மாசம் பெருவுல இன்னா பண்ணிகினு இருந்த?"

"ஓனரு ஓடிப்பூட்டாண்ணே. கப்பல கோர்ட்டு புடிச்சு வச்சிகிச்சு. ஊருக்கு வர்றதுக்கு டிக்கெட்டு இல்ல. பக்கத்துல ஒரு அனாதப் புள்ளைங்க ஹோமு இருந்துச்சு. அங்க போய் சமைச்சுப் போட்டேன்."

"சம்பளம்?"

"இல்லண்ணே. சும்மாதான்."

"அந்தப் பாஷ?"

"புள்ளைங்ககிட்டதான் கத்துகினேன். 'மாஸ்'னா இன்னும் போடுன்னு அர்த்தம். அது மொத நாளே வந்துடுச்சு. நாப்பது புள்ளைங்கண்ணே, ஒண்ணும் வாய மூடாது. மீதி தானா வந்துச்சு."

லூர்து அக்கா தொண்டையைக் கனைத்தாள். நம்பிட்டோம் என்று அதற்கு அர்த்தம்.

"பொம்பள விஷயத்த நான் கேக்கல, அத ஆண்டவரு பாத்துக்குவாரு" என்றார் அருள்பிரகாசம் பெரிய மனதோடு. "நான் கேக்கறது வேற. இங்க உம் பொண்டாட்டி எண்ணூர் இறால் கம்பெனில கை புண்ணாவ உரிச்சிகினு கெடந்துச்சு. ரெண்டு புள்ளைங்களையும் தூத்துக்குடில அக்கா வூட்டுக்கு அனுப்பிட்டு ஒண்டியா கஷ்டப்பட்டுச்சு. நீ அங்க ஊரான் புள்ளைக்கு சோறு பொங்கிகினு இருந்த. வெக்கமா இல்ல?"

சிலுவைமுத்து தரையைப் பார்த்தான்.

"பதில் சொல்லுபா."

"இன்னாத்த சொல்றதுண்ணே."

அவன் எதையும் மறுக்காததும் அருள்பிரகாசத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"நான்கூடத்தான் தர்மம் பண்றேன். போன ஆகஸ்ட்ல எனக்கு அம்பது வயசு ஆச்சு. திருவொத்தியூர் ஹோமுல அறுபது புள்ளைங்களுக்கு பிரியாணி போட்டு, கேக்கு வெட்டினேன். போட்டோ எங்க வூட்டு ஹால்ல மாட்டிக்கீது, வந்து பாரு. அதுக்காக பெத்த புள்ளைங்கள வுட்டுட்டனா? ஒன்ன மாதிரி ஆளுக்கு எப்டிபா சாமியார்கிட்ட போய் நான் சொல்றது?"

மனு மடித்தது மடித்தபடி திரும்பி வந்தது. சிலுவைமுத்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

டெபோரா நகரவில்லை.

"புள்ளைங்க தூத்துக்குடிக்குப் போவலண்ணே."

"வுடு டெபோரா. வா, போலாம்."

"நீ சும்மா இரு. எனக்காவ எவ்ளோ நாளு திட்டு வாங்குவ?" அவள் அருள்பிரகாசத்தின் பக்கம் திரும்பினாள். "நான்தாண்ணே பொய் சொன்னேன். இறால் கம்பெனில விடிகால ஷிப்டு. புள்ளைங்களுக்கு ரெண்டு வேள சோறு போட முடியல. ஒரு ஹோமுல கொண்டுபோய் சேத்தேன். தெருவுல சொல்றதுக்கு மானக்கேடா இருந்துச்சு."

சுண்டல் தட்டோடு வந்த லூர்து அக்கா அப்படியே நின்றாள்.

"வஹாப் பாய் டெலிபோன் பூத்துக்கு இவரு போன் பண்ணப்ப சொல்லி அழுதேன். நம்ம புள்ளைங்களுக்கு அங்க யாரோ பொங்கிப் போடறாங்கல்ல, நான் இங்க யாரு புள்ளைக்காவது பொங்கிப் போடறேன்னாரு. மறுநாளே போய் கரண்டியப் புடிச்சாரு. அவ்ளோ தூரத்துலேர்ந்து இவரால வேற இன்னா பண்ண முடியும்?"

அருள்பிரகாசத்தின் குரல் இறங்கிவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. எந்த ஹோமு?"

"நீங்க பிரியாணி போட்டீங்களே, அதே ஹோமுதாண்ணே."

"அங்கியா? நான் பாக்கவே இல்லியேம்மா."

"எம் பொண்ணு பாத்தாண்ணே. தெரிஞ்சவங்க வந்தா வாயத் தொறக்காதன்னு சொல்லி வச்சிருந்தேன், அதான் உங்களக் கூப்புடல. மொத துண்டு கேக்க நீங்க ஊட்டினதே அவளுக்குத்தான். கேமராவையே பாத்துகினு ஊட்டினீங்களாம், பாதி கேக்கு மூக்குல அப்பிகிச்சாம்."