காவலாளி இல்லாத எலி

தமயந்தி தீனி வைக்கும் எலிக்குள் காவலாளி இல்லை. கொலஸ்ட்ரால் மிகுவதை உணர்ந்து, பயத்தின் ஹார்மோனை அடக்கும் ஏற்பி என்ற புரதம்தான் அந்தக் காவலாளி; அதை ஆய்வுக்கூடத்தில் நீக்கியிருந்தார்கள். எலி எந்நேரமும் சுவர் மூலையையே வெறித்து நடுங்கியது. இந்த அறைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து தமயந்திக்கும் காரணம் தெரியாத நடுக்கம்.

“அங்க என்னக்கா இருக்கு? எனக்கும் நடுங்குது,” என்று மூலையைக் காட்டிக் கேட்டாள் தமயந்தி.

“ஒண்ணுமில்லடி. ஹார்மோன் ஏறிக் கெடக்கு, அவ்வளவுதான். நீயும் ரத்தம் குடுத்துப் பாரு,” என்று சிரித்தாள் உடன் வேலை செய்யும் பெனிட்டா.

தமயந்திக்கு நிம்மதியாக இருந்தது. ரத்தத்தில்தான் கோளாறு என்றால் மாத்திரை உண்டு. அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நின்று அடுத்த கூண்டைத் திறந்தாள். அதில் காவலாளி உள்ள ஐந்து எலிகள். ஐந்தும் தீனியைத் தொடாமல், அவள் தோளுக்கு அப்பால் அதே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.