மடிப்புக் கலையாத சேலைகள்

பூச்சி உருண்டை வைப்பதற்காக மனைவியின் பீரோவைத் திறந்த தங்கத்துரை, உள்ளே மடிப்புக் கலையாத சேலைகள் நிறைந்திருப்பதைக் கண்டார். எல்லாவற்றிலும் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது.

"இதுல ஒண்ணையாவது கட்டியிருக்கியா, ரமணி?"

"இல்லைங்க."

"பின்ன எதுக்கு வாங்குற?"

"தெரியலைங்க. கடையில நிக்கறப்ப நல்லா இருக்கு. வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்கவே பிடிக்கல." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் திட்டவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சேலைகளைப் பைகளில் அடுக்கிக்கொண்டு போனார்.

ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "முகமெல்லாம் வாடிப்போயிருக்கே. சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாத முழங்கால் வலியை அவர் அவளிடம் சொன்னார். மகன் போன் செய்வதே இல்லை என்பதையும் சொன்னார். கேட்டுக்கொண்டே அவள் ஒரு நீலச் சட்டையை அவர் தோளில் வைத்து, "உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கு" என்றாள். கண்ணாடியில் தெரிந்த மனிதரை அவருக்குப் பிடித்திருந்தது.

வீடு திரும்பியபோது, கொண்டுபோன பைகளோடு புதுப்பை ஒன்றும் அவர் கையில் இருந்தது. ரமணி அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டாளா?"

அவர் தலையசைத்தார்.

"என்கிட்டயும் கேப்பா."

பிரிக்காத பையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர், "மத்தியானம் நீ என்ன சாப்பிட்ட?" என்றார்.

அவளுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.