மூக்கணாங்கயிறு

"வாம்மா நத்தை! உனக்காக வாங்கின டீ ஆறிப்போய் நானே குடிச்சுட்டேன்."

கணவாய் உச்சியில் இருக்கிற டீக்கடை வாசலில் ஹெலெத் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மாக்சன் ஆரம்பித்துவிட்டான். கிட்டோவும் டெயோவும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"ரோடெல்லாம் ஈரம்டா. வழுக்குது," என்றாள் ஹெலெத்.

"எங்களுக்கும் அதே ரோடுதான்!"

நாலு பேரும் இந்த வருஷம்தான் லைசென்ஸ் வாங்கியவர்கள். வண்டிகள் என்னவோ பெரியவை. ஆனால் புது லைசென்ஸ்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு முழு சக்தியோடு ஓட்டக் கூடாது என்பது சட்டம். அதற்காகக் கைப்பிடியைப் பாதிக்கு மேல் முறுக்க விடாமல் ஒரு சின்ன ஸ்க்ரூவை வைத்து, சர்டிபிகேட்டும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஸ்க்ரூவுக்கு இந்தக் கூட்டம் வைத்திருந்த பேர் மூக்கணாங்கயிறு.

"இன்னும் எத்தனை நாளைக்கு மூக்கணாங்கயிறோட ஓட்டுவே? நானெல்லாம் வண்டி வாங்கின அன்னிக்கே புடுங்கி எறிஞ்சுட்டேன்," என்றான் மாக்சன்.

"நான் மறுநாள்," என்றான் டெயோ.

"என்னோடது ஆத்துல கிடக்கு," என்றான் கிட்டோ. "இவளைக் கழட்டச் சொன்னா உடனே ஆரம்பிச்சுடுவா. ஆஸ்பத்திரி வேலை, விடியக்காலையில பஸ் கிடையாது, லைசென்ஸ் போனா வேலையும் போச்சுன்னு..."

அவள் குரலிலேயே அவன் மூக்கால் அழுது காட்ட, மறுபடி சிரிப்பு. ஹெலெத் டீ வாங்கப் போனாள்.

பக்கத்து மேஜையில் பன்றிக்கறி வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்த பெண்மணி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியில் கிடந்த மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டினார். முதுகில் 'போலீஸ்' என்று கொட்டை எழுத்திலும் மார்பில் 'நெஸ்டா' என்று சின்ன எழுத்திலும் இருந்தது.

"நல்லா உரக்கப் பேசறீங்க தம்பி. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதுக்கே கேட்டுது," என்றார் நெஸ்டா. "வண்டிங்க எது எது?"

மாக்சன் வாசலில் நின்ற நாலு வண்டிகளையும் கைகாட்டினான்.

"கழட்டியிருந்தா என்ன ஆகும்னு தெரியும்ல? இன்சூரன்ஸ் செல்லாது. லைசென்ஸ்ல ஆறு தண்டப் புள்ளி. புது லைசென்ஸுக்கு ஆறு விழுந்தா லைசென்ஸே போயிடும். வண்டியை இப்பவே லாரியில ஏத்திடுவேன்."

டீயோடு திரும்பியிருந்த ஹெலெத் சட்டைப் பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக் உறையில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பொறுப்பா வச்சிருக்கே கண்ணு. ஆனா ஸ்க்ரூ வச்சாங்கன்னுதான் இது சொல்லும். இன்னும் இருக்கான்னு கைப்பிடியைத்தான் கேக்கணும். நீ அப்புறம் வா. முதல்ல இந்த மாவீரர்களைப் பாத்துடறேன்."

மாக்சன் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மேடம், வண்டியைக் கழிப்பறைக்குப் பின்னால தள்ளிட்டு வரேனே. அங்க வச்சுப் பாருங்களேன்."

"ஏன்? இங்கயே வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு."

நெஸ்டா அவன் வண்டியின் கைப்பிடியை முறுக்கினார். பாதியில் நின்றது. பலத்தைக் கூட்டி முறுக்கினார். அசையவில்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்காரன் ஸ்க்ரூ மேல் வைத்த சிவப்புப் பெயின்ட் கூட உதிரவில்லை.

"அன்னிக்கே புடுங்கி எறிஞ்சேன்னு சொன்னியே?"

மாக்சன் எதிர்ச் சரிவில் மேய்கிற ஆடுகளை அக்கறையாகப் பார்த்தான். "சும்மா சொன்னேன், மேடம்."

டெயோவின் வண்டி. அதுவும் பாதியில் நின்றது.

"எங்கப்பா தோலை உரிச்சுடுவாரு மேடம்," என்றான் டெயோ, யாரும் கேட்காமலே.

கிட்டோவின் வண்டியும் பாதியில்தான் நின்றது.

"அப்போ ஆத்துல கிடக்கறது?"

"அது... வேற ஸ்க்ரூ மேடம்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டு பிழைத்த வெட்கத்தில் முதலில் கிட்டோ சிரித்தான். பிறகு மூவருமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெஸ்டாவுக்கும் அடக்க முடியவில்லை.

"எத்தனையோ வருஷமா ரோட்டுல நிக்கறேன். தப்பை மறைக்கறவங்களைப் பாத்திருக்கேன். யோக்கியமா இருக்கறதைப் போய் மறைக்கறாங்களே, அதை இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

"அப்போ நாங்க கிளம்பலாமா மேடம்?"

"இரு, இந்தப் பொண்ணு வண்டி ஒண்ணு பாக்கி."

"அவளோடதைப் பாக்கவே வேணாம் மேடம். அவ நத்தை!" என்றான் மாக்சன், பழைய தெம்பு திரும்பி வந்தவனாக.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் தம்பி." சிரிப்பு மாறாமலே நெஸ்டா கைப்பிடியைப் பிடித்து முறுக்கினார்.

அது பாதியைத் தாண்டிக் கடைசி வரை போயிற்று.

விட்டுவிட்டு இன்னொரு முறை முறுக்கினார். மறுபடி கடைசி வரை போயிற்று. சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"எப்பம்மா எடுத்தே?" என்றார் நெஸ்டா மெதுவாக.

"நேத்து சாயங்காலம்."

ஹெலெத் நெஸ்டாவைப் பார்க்கவில்லை. அந்த மூன்று பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள்லாம் எடுத்துட்டோம்னு சொன்னீங்களேடா..."