சொந்த ஃபைல்களையும் சேர்க்கவா?

"என்ர கம்ப்யூட்டரில இருக்கிற எல்லாம் இதுக்குள்ள இருக்கு, அங்கிள்" என்று சுகிர்தன் பென் டிரைவை நீட்டினான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

வெள்ளவத்தையில் அவன் வாடகைக்கு இருந்த மாடி அறை நமசிவாயத்தாருடையது; அவரும் மனைவி சிவமணியும் கீழே இருந்தார்கள். அவருடைய கம்ப்யூட்டரின் ஹாட் டிஸ்க் செத்து ஒரு வாரம். பாவம் மனுசன் என்று, சுகிர்தன் தன் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸை அப்படியே பிரதியெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, பென் டிரைவிலிருந்தே ஓடும்படி செய்து கொடுத்தான்.

"வேற கம்ப்யூட்டரில குத்தினாலும் வேலை செய்யுமோ?"

"ஓம் அங்கிள். எதில குத்தினாலும் அது உங்கட கம்ப்யூட்டர்தான்."

"வேற வீட்டில எண்டாலும்?"

"வேற நாட்டில எண்டாலும்!"

நமசிவாயம் பத்திரமாக அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுகிர்தன் வேலைக்கு பஸ் ஏறினான்.

பம்பலப்பிட்டி தாண்டவில்லை, அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பிரதியெடுக்கும்போது அந்தப் புரோகிராம் ஒரு கேள்வி கேட்டது. உங்கள் சொந்த ஃபைல்களையும் சேர்க்கவா? அவசரக்குடுக்கை, 'ஓம்' என்று அமத்திவிட்டான்.

சொந்த ஃபைல்களில் ஒரு கடிதமும் இருந்தது. கொட்டாஞ்சேனையில் அறை வைத்திருக்கும் சிநேகிதன் சந்திரகுமாருக்கு எழுதியது.

'மச்சான், இது வீடில்லை, மறியற்சாலை. எட்டரைக்கு கேற் பூட்டு. மீன் பொரிக்கத் தடை. பத்து மணிக்கு மேல ஃபேன் போட்டா சிவமணி அன்ரி மெயின் சுவிட்சையே நிப்பாட்டுறா. கிழவர் ஒரு சொல்லுக் கதைக்கிறேல்ல. உன்ர அறைக்கு எப்ப வரலாம்?'

சந்திரகுமாரின் அறையில் இடம் வர இன்னும் ஒரு மாதம். அதுவரைக்கும் இங்கே துரத்திவிட்டால் நடுத்தெருதான்.

பஸ்ஸிலிருந்து குதித்து, எதிர்ப்பக்கம் ஓடி, வந்த முதல் ஆட்டோவில் ஏறினான். வீட்டுக்குள் நுழைந்தபோது நமசிவாயம் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தார். திரையில் கடிதம். தானே பெரிதாக்கிக் கொடுத்த எழுத்தை வாசலில் நின்றே வாசிக்க முடிந்தது.

"அங்கிள், அது... சும்மா பகிடிக்கு எழுதினது..."

"ரெண்டு தரம் வாசிச்சிட்டன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். ஒரு மாசம் மட்டும் பொறுங்கோ, நானே போயிடுறன்."

நமசிவாயம் எழுந்தார். குசினிக்குள் சிவமணி அன்ரி யாரையோ போனில் ஏசிக்கொண்டிருந்தா. அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

சுகிர்தன் மனதுக்குள் சூட்கேசை அடுக்கத் தொடங்கினான்.

அவர் கிட்ட வந்து, அவன் காதோடு கேட்டார்.

"தம்பி, கொட்டாஞ்சேனை அறையில எனக்கும் ஒரு கட்டில் போடலாமோ?"